வில்கமுவைக்குப் போகும் கன்றுகள்

1

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மகளின் வகுப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. அந்த வாரம் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று ஜூடி டீச்சர் எழுதி அனுப்புவார். மாலைக் கறவை முடிந்து, சப்பாத்தைக் கழற்றி வாசலில் சாய்த்துவிட்டு, சாணி நாற்றம் போகாத கையால் கைபேசியைத் திறந்து அதை வாசிப்பேன். ஐந்தைந்தாக எண்ணப் பழகினோம். வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி வைக்கப் பழகினோம். மழை எங்கிருந்து வருகிறது என்று பேசினோம். வாசிப்பதில் ஒரு சுகம் உண்டு என்று எழுத ஆசைதான். சுகம் என்று சொல்வதற்கில்லை. மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளை வாசிப்பதுபோல வாசிப்பேன்.

அந்த வாரத்து மடலின் நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது. மிதுனாவின் கன்றுக்குட்டி பிஸ்கட், கன்று நாள் முடிந்ததும் கப்பலேறி இலங்கைக்குப் போகிறான். அங்கே வில்கமுவ என்ற ஊரில் நெல்வயல் உழப் போகிறான். எங்கள் வகுப்பு முழுவதற்கும் பெருமை.

வில்கமுவ என்ற பெயரைப் பிசகாமல் எழுதியிருந்தார். மாத்தளை அரசாங்கக் கச்சேரியில்கூட அதை இரண்டு விதமாக எழுதுவார்கள்.

அடுப்படியில் நின்ற மனைவி வசந்தியிடம் கைபேசியை நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"என்னங்க இது?"

"நீதானே சொன்ன."

"நான் புள்ளகிட்ட சொன்னேன். பேப்பர்ல போடச் சொன்னேனா?"

உள்ளே மிதுனா ஏதோ ஆங்கிலப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. இங்கே பிறந்தவள். நாங்கள் இருவரும் அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை.

2

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் தென் தீவு. அதிலும் தெற்கு. இதற்கு மேல் போனால் கடல், கடலுக்கு அப்பால் பனிக்கட்டி. மலைகளுக்கு நடுவே பிறந்தவனுக்கு இந்தத் தட்டை நிலத்தில் பார்வையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரிவதில்லை. புல். புல்லுக்குப் பிறகு கம்பிவேலி. கம்பிவேலிக்குப் பிறகு புல்.

இலங்கையில் றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் காம்பரா ஒன்றில் பிறந்தவன் நான். சவூதிப் பாலைவனத்துப் பால் பண்ணை ஒன்றில் கறவை பழகினேன். மணலுக்கு நடுவே குளிரூட்டிய கொட்டகையில் மாடு நிற்கும், வெளியே மனிதன் வேகுவான். அந்த அனுபவச் சான்றிதழ்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. இப்போது க்ரெய்க் என்பவரின் பண்ணையில் வேலை. சுழலும் மேடையில் மாடுகள் ஏறி நிற்கும். நான் நிற்கும் இடத்துக்கு மடிகள் வந்து, போகும். முகம் பார்க்கிற வேலை அல்ல.

வசந்த காலம் கன்று ஈனும் காலம். பசுக்கன்று என்றால் பண்ணையில் தங்கும். காளைக்கன்று என்றால் சில நாளில் சாலையோரக் கூண்டுக்குப் போகும். காலையில் லாரி வரும். லாரி இறைச்சி ஆலைக்குப் போகும். ஏற்றிவிடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. அப்போது மனசுக்குள் என்ன ஓடும் என்று தங்கச்சி புஷ்பா ஒருமுறை கேட்டாள். அன்றைக்கு மத்தியானம் என்ன கறி என்று ஓடும்.

இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் கன்று நாள் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றை எடுத்து, பாலூட்டி வளர்த்து, பழக்கி, ஒரு சனிக்கிழமை பாடசாலை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான பாடம் வகுப்பறையிலேயே நடக்கிறது. எத்தனை லீட்டர் குடித்தது என்று கட்டம் போட்டு நிறம் தீட்டுகிறார்கள். கணிதம் அதுதான். கன்று இன்றைக்கு என்ன செய்தது என்று மூன்று வாக்கியம் எழுதுகிறார்கள். மொழிப்பாடம் அதுதான்.

மிதுனா நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள ஒரு கன்றைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றாள். காளைக்கன்று. க்ரெய்க் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்.

"கன்று நாள் வரைக்கும் நிற்கட்டும். அதற்குப் பிறகு லாரி. சரியா?"

சரி என்றேன்.

ஒரு வாரம் கழித்து வசந்தி கேட்டுப் பார்க்கச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் விட்டு வளர்த்தால் என்ன என்று. கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு வயதுக் காளை செல்லப்பிராணி அல்ல, ஆளை முட்டித் தள்ளும் என்றார். நியாயம்தான். வீடும் அவருடையது, புல்லும் அவருடையது.

பிறந்த சில நாளிலேயே பிஸ்கட்டின் காதில் ஓர் அட்டை ஏறிவிட்டது. நாட்டின் பதிவேட்டில் அவனுக்கு ஓர் இலக்கம் உண்டு. எங்கள் வதிவிட அனுமதிக்கான கோப்பு இன்னும் எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது. மனைவியின் குடும்பப் பெயரும் உங்கள் குடும்பப் பெயரும் ஏன் வேறு என்று மறுபடி கேட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அது அவளுடைய அப்பாவின் பெயர், இது என்னுடைய அப்பாவின் பெயர் என்று மறுபடி எழுதினேன். அப்படியென்றால் பிள்ளைக்கு ஏன் மூன்றாவதாக ஒரு பெயர் என்று அடுத்த கடிதம் வந்தது.

3

வில்கமுவ என்ற பேச்சு எங்கள் லயத்தில் இருந்து வந்தது.

அந்த லயத்தில் மாடு வைத்திருந்தவர்கள் நாலைந்து குடும்பம். எங்களிடமும் ஒரு செவலைப் பசு நின்றது. காளைக்கன்று போட்டால், அது பால்குடி மறந்த பிறகு நாலந்தைப் பக்கத்திலிருந்து ஒருவர் சின்ன லாரியில் வருவார். கன்று ஏறும். பிள்ளைகள் கேட்போம்.

"எங்க போகுது?"

"வில்கமுவக்கு. வயல் உழ."

அப்பா சொல்வார். பக்கத்துக் காம்பராக்காரர் சொல்வார். எதிலும் ஒத்துப்போகாத கணக்கப்பிள்ளைகூட இதில் ஒத்துப்போவார். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி இல்லை. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, இதுவும் தெரிந்திருந்தது. இறைச்சிக்கடை என்ற சொல்லை ஒரு கன்றின் முன்னால் யாரும் சொன்னதில்லை. கறந்து குடித்த வாயால் எப்படிச் சொல்வது.

இரண்டாம் வகுப்பில் பசுவைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதவைத்தார்கள். பசு ஒரு வீட்டுப் பிராணி. பசுவுக்கு நான்கு கால்கள். பசு எமக்குப் பால் தரும். கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எல்லோரும் எழுதினோம். நான் கூடுதலாக ஒன்று எழுதினேன். எங்கள் கன்று வில்கமுவையில் வேலை செய்கிறது. டீச்சர் சிவப்பு மையால் சரி போட்டார். அவர் வீட்டிலும் மாடு இருந்தது.

சவூதிக்குப் போவதற்கு முன்பு ஒரு கூட்டாளியின் கல்யாணத்துக்காக மோட்டார் சைக்கிளில் வில்கமுவைக்குப் போனேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கல்யாணமே முடிந்திருக்கும். சாலையின் இரண்டு பக்கமும் மகாவலித் தண்ணீர் பாய்ந்த வயல். லேண்ட்மாஸ்டர் என்கிற கைப்பிடி டிராக்டர்கள் சேற்றில் முன்னும் பின்னும் ஓடின. கன்றுகளைத் தேடிப் போனவன் அல்ல நான். ஆனாலும் கண் தேடியது. வரம்பில் நின்ற ஒரு பெரியவரிடம் உழுகிற மாடு யாரிடமாவது இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் சிரித்தார். அதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போச்சு தம்பி, இப்ப மாட்டுக்குத் தீனி போடுறத விட மெஷினுக்கு டீசல் அடிக்கிறது லேசு என்றார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தது. மரைமான் இறைச்சி என்று சொல்லிப் போட்டார்கள்.

அந்தச் சொல் என் ஊர்ப்பெட்டியில் எந்த மூலையில் கிடந்து இவ்வளவு தூரம் வந்தது என்று தெரியவில்லை. வசந்தியும் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது மிதுனா கேட்டிருக்கிறாள், கன்று நாளுக்கு அப்புறம் பிஸ்கட் எங்கே போவான் என்று. இவள் கையை எடுக்காமலேயே சொல்லியிருக்கிறாள்.

"வேற வார்த்த வரலங்க எனக்கு. யோசிச்சுச் சொன்னதில்ல. அதுவா வந்துச்சு."

4

ஜூடி டீச்சர் என்னைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். பிள்ளைகள் போன பிறகு, வகுப்பறையின் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தேன். அவரும் அதே மாதிரி இன்னொரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவரின் மனைவி. கை என் கையைவிடக் காய்ப்பேறியிருந்தது.

சுவரில் பிள்ளைகள் செய்த படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒரு பசு, அதிலிருந்து அம்புக்குறி, ஒரு கன்று. கன்றிலிருந்து இரண்டு அம்புக்குறி. ஒன்று மறுபடி பசுவுக்குப் போனது, பிறகு பால் போத்தலுக்கு. மற்றது ஒரு லாரிக்குப் போனது. லாரியிலிருந்து ஒரு தட்டுக்கும், ஒரு நாய்க்கிண்ணத்துக்கும். எல்லாப் படத்திலும் லாரி சிவப்பு. கோட்டுக்கு வெளியே போகாமல் அழகாகத் தீட்டியிருந்தார்கள்.

மிதுனாவின் படத்திலும் லாரி இருந்தது. ஆனால் லாரிக்கு அப்பால் மூன்றாவது அம்புக்குறி ஒன்று தாளின் விளிம்புவரை போய், விளிம்பில் ஒட்டியிருந்த இன்னொரு தாளுக்குத் தாவி, அங்கே பச்சையாக ஒரு வயலில் முடிந்தது.

"இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்," என்றார் ஜூடி. "பண்ணைப் பிள்ளைகள். கூண்டைத் தினமும் பார்த்துக்கொண்டே பஸ் ஏறுகிறவர்கள். நான் ஒளித்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்களுடைய பெற்றோருக்கும் அது பிடிக்காது."

"சரி."

"மிதுனா எழுந்து, என் அப்பாவின் ஊரில் கன்றுகள் வேலைக்குப் போகும் என்றாள். வரைபடத்தில் காட்டச் சொன்னாள். தேடிப் பார்த்தால் அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறது. வயலும் இருக்கிறது. நீங்கள் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பீர்களோ என்று முதலில் நினைத்துவிட்டேன். கப்பலில் மாடு போகிற காலம்தானே."

"இல்லை."

"இல்லை என்று எனக்கும் பிறகு புரிந்தது. ஆனால் அதற்குள் ஜேக் கையைத் தூக்கினான். அவன் அப்பாதான் அந்த லாரியை ஓட்டுகிறவர். என் கன்றையும் அனுப்பலாமா என்று கேட்டான்." ஜூடி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "இப்போது என்னிடம் நான்கு கன்றுகள் உங்கள் நாட்டுக்குப் பதிவாகியிருக்கின்றன."

நான் அந்த மூன்றாவது அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத பிள்ளைகளை நம்பவைப்பது பெரிய காரியமல்ல. எங்கள் லயத்தில் நாங்கள் தெரியாத பிள்ளைகள். இங்கே எல்லாம் தெரிந்த பிள்ளைகள், லாரிக்காரனின் மகன் உட்பட, வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

"நான் என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். "உண்மையை நான் சொன்னால் உங்கள் மகள் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். இந்தப் பாடசாலையில் இன்னும் நாலைந்து வருடம் இதே பிள்ளைகளோடு அவள் இருக்க வேண்டும்."

வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பேசவில்லை. மறுநாள் ஜூடியே கூப்பிட்டு, உங்கள் தங்கையும் ஆசிரியைதானே, மிதுனா சொன்னாள், இரண்டு வகுப்பையும் வீடியோவில் பேசவைக்கலாமா, பிள்ளைகளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றார். அதற்கும் சரி என்றேன். சரி என்ற சொல் என் வாயில் எச்சிலோடு எப்போதும் தயாராக இருக்கிறது.

5

புஷ்பா றத்தோட்டைக்கு மேலே ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலையில் தரம் இரண்டுக்குப் படிப்பிக்கிறாள். மாத்தளையிலிருந்து பஸ், பிறகு முச்சக்கரவண்டி, பிறகு நடை. அவளும் அந்த வாரம் வீட்டுப் பிராணிகள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் அதே பசு, அதே நான்கு கால்.

கைபேசியில் விசயத்தை முழுவதும் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"அண்ணே, நீங்க சொன்ன பொய்க்கு நான் அங்கேயிருந்து சாட்சி சொல்லணுமா?"

"நான் சொல்லல. ஒன் அண்ணிதான்."

"அவங்க சொன்னா என்ன, நீங்க சொன்னா என்ன. அப்பா சொன்னதுதானே."

"கேட்டா, ஆமா, மாடு உழுதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. முடிஞ்சிரும்."

"முடியாது." இப்போது சிரிப்பு இல்லை. "எந்த வகுப்புல சொன்னாலும் சொல்லலாம், இந்த வகுப்புல ஏலாது. இதுல பாதிப் புள்ளைங்களோட அம்மாமாரு குவைத்துலயும் டுபாயிலயும் இருக்காங்க. அடுத்த மாசம் வருவாங்க, தீவாளிக்கு வருவாங்கன்னு ஊரே பொய்ய ஊத்திவிட்டுக்கிட்டு இருக்கு. நானும் சேர்ந்து ஊத்துறதில்லன்னு வச்சிருக்கேன். அதுங்க எங்கிட்ட கேக்குறதே அதுனாலதான்."

"அப்ப மிதுனா?"

"அவ என் மருமக. எனக்குத் தெரியாதா?" பின்னால் யாரோ டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டார்கள். "இருடா, வாறேன். அண்ணே, கேக்கட்டும். என்ன கேக்குறாங்களோ அதுக்குப் பதில் சொல்லுவோம். கேக்காததுக்குச் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் என்னால ஏலும்."

வைத்துவிட்டாள். வசந்தியிடம் சொன்னேன். அவள் அந்த நேரத்துக்கு வகுப்புக்கு வரமாட்டேன் என்றாள். ஒரே மகள், அது முகத்த என்னால பார்க்க ஏலாது என்றாள். பிறகு துவைத்த துணியையே மறுபடி எடுத்து நனைத்தாள்.

6

கன்று நாள் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முந்தின மாலை வசந்தி கன்றைக் குளிப்பாட்டினாள். மாட்டுப்பொங்கல் நினைப்பு வந்துவிட்டது அவளுக்கு. மஞ்சளை அரைத்து உடம்பெல்லாம் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்து, வேலியோரத்து மஞ்சள் பூவில் மாலை கட்டிப் போட்டாள். மிதுனா கைதட்டினாள். காலையில் கழுவிவிடலாம் என்று பார்த்தால் மஞ்சள் போகவில்லை. நெற்றியின் வெள்ளைச் சுழி முட்டைக்கரு மாதிரி இருந்தது. மாலையின் பாதியை அவனே தின்றிருந்தான்.

மைதானத்தில் மற்றக் கன்றுகள் எல்லாம் சீவி, துடைத்து, கண்ணாடிபோல நின்றன. நீதிபதியாக வந்த கிழவர் குனிந்து பிஸ்கட்டின் கண்ணிமையை விரித்துப் பார்த்தார்.

"இவனுக்குக் காமாலையா?"

"இல்லை," என்றாள் மிதுனா. "இது எங்கள் வழக்கம். இவனுக்கு நன்றி சொல்கிறோம்."

"எதற்கு நன்றி?"

மிதுனா என்னைப் பார்த்தாள். நான் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினேன்.

"எல்லாத்துக்கும்," என்றாள்.

கூப்பிடும் போட்டியில் இரண்டாவது இடம் கிடைத்தது. தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கன்று வர வேண்டும். வந்தான். வழியில் ஒரு பெண்மணியின் தொப்பியை நக்கிவிட்டு வந்ததால் முதலிடம் போய்விட்டது. நீல நாடா ஒன்று குத்தினார்கள். ஜேக்கின் கன்றுக்கு முதலிடத்துச் சிவப்பு.

7

ஊரில் பாடசாலை தொடங்கும் நேரம் இங்கே விடும் நேரம். அன்றைக்குப் பிள்ளைகளைக் கொஞ்சம் தாமதித்து அனுப்புவதாக ஜூடி வீடுகளுக்குச் சொல்லியிருந்தார். நான் வகுப்பின் பின்மூலையில், பைகள் தொங்கும் கொக்கிகளுக்குக் கீழே நின்றேன். மிதுனாவை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு பாசையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

திரையில் முதலில் ஒரு பெரிய மூக்கு தெரிந்தது. பிறகு மூக்கு விலகி, வெள்ளைச் சட்டையில் ஒரு வகுப்பு முழுவதும் தெரிந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள். புஷ்பா கைபேசியைச் சன்னல் கட்டையில் சாய்த்து வைத்திருந்தாள் போல, எல்லோரும் கொஞ்சம் சாய்ந்து இருந்தார்கள்.

"குட் மோர்னிங் டீச்சர்," என்று எல்லோரும் இழுத்துச் சொன்னார்கள். இங்கே சாயங்காலம்.

திரையில் ஒரு பையன் எழுந்தான். "அங்க மாடு இங்கிலீசா பேசும்?"

மிதுனா மொழிபெயர்த்தாள். இங்கே பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். ஒருத்தன் மாடு மாதிரியே கத்திக் காட்டினான். அங்கே உடனே மூன்று பேர் பதிலுக்குக் கத்தினார்கள். இரண்டு வகுப்பும் கொஞ்ச நேரம் மாறிமாறிக் கத்திக்கொண்டிருந்தது.

பிறகு ஜேக் முன்னால் வந்தான். சட்டையில் அந்தச் சிவப்பு நாடா இருந்தது. எழுதிவைத்ததைத் தாளைப் பார்த்து வாசித்தான். உங்கள் ஊரில் கன்றுகள் வயல் உழுகின்றனவா? எத்தனை இருக்கின்றன?

மிதுனா அதைத் தமிழில் சொன்னாள். அவள் தமிழ் மெதுவாக, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து ஆற்றைக் கடக்கிற மாதிரி வரும்.

"அத்தை, அவன் கேக்கறான், அங்க கன்னுக்குட்டி... வயல் உழுதா?"

புஷ்பா பதில் சொல்லவில்லை. திரும்பி வகுப்பைக் கேட்டாள். "யாரு வீட்டுல உழுற மாடு இருக்கு? கைய தூக்குங்க."

ஒரு கையும் எழும்பவில்லை.

"யாராச்சும் பார்த்திருக்கீங்களா?"

"படத்துல பார்த்திருக்கேன் டீச்சர்."

"எங்க மாமா வில்கமுவலதான் இருக்காரு. அவருகிட்ட லேண்ட்மாஸ்டர் இருக்கு. நான் ஏறியிருக்கேன்."

"பொய் டீச்சர், இவன் ஏறல, கீழ நின்னு அழுதான்."

அங்கே சிரித்தார்கள். இங்கே எல்லோரும் மிதுனாவைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள். ஜூடி தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார். என் தங்கச்சி அங்கே சன்னலுக்கு அருகில் அசையாமல் நிற்பது தெரிந்தது.

மிதுனா என்ன சொன்னாலும் இங்கே அதுதான் உண்மை. அந்த அறையில் அதைச் சரிபார்க்கக்கூடிய ஒரே ஆள் நான். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை.

"டிராக்டர்தான் இருக்காம்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் மிதுனா. "மாடு இல்லையாம்."

ஜேக் தாளை இரண்டாக மடித்தான். மறுபடி மடித்தான். போய்ப் பாயில் உட்கார்ந்தான். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த ஒன்றுக்கு, விடுமுறையில் போன ஆள் வேலைக்குத் திரும்புவதுபோலத் திரும்பினார்கள்.

அங்கே முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். இரட்டைப் பின்னல், ஒன்றில் மட்டும் நாடா. பேரைச் சொல்லிக் கேளு என்று புஷ்பா சொன்னாள்.

"என் பேரு தனுஷிகா. அந்தக் கன்னுக்கு எத்தன வருச அக்ரிமென்ட்?"

அங்கே யாரும் சிரிக்கவில்லை. அது அந்த வகுப்பில் சாதாரணமான கேள்வி. வெளிநாட்டு வேலைக்குப் போகிற எல்லோருக்கும் இருக்கிற ஒன்று.

மிதுனாவுக்குப் புரியவில்லை. இப்போது திரும்பி என்னைத் தேடினாள்.

"எவ்வளவு காலத்துக்குப் போறான்னு கேக்குறாம்மா," என்றேன். என் குரல் கொக்கிகளுக்குக் கீழிருந்து யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

மிதுனா திரையிடம் திரும்பினாள்.

"அவன் திரும்பி வர மாட்டான்."

"லீவுக்கும் வராதா?"

"லீவுக்கும் வர மாட்டான்."

தனுஷிகா கொஞ்சம் யோசித்தாள். புஷ்பா அவள் பக்கம் ஓர் எட்டு வைத்து, நின்றுவிட்டாள்.

"சரி," என்றாள் தனுஷிகா. அப்படியே பாவாடையை ஒழுங்கு செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்து இங்கிருந்து ஒரு பெண், உங்கள் ஊரில் பனி கொட்டுமா என்று கேட்டாள்.

மிதுனாவை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். லாரி ஆலைக்குத்தான் போகும் என்று உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்க வாய் எடுத்தேன். சுவரில் அவள் லாரியைத் தீட்டியிருந்த சிவப்பு ஞாபகம் வந்தது. கேட்கவில்லை. இரண்டு பக்கமும் புல் போய்க்கொண்டிருந்தது.

8

லாரி வந்த காலையில் நல்ல வெயில். ஜேக்கின் அப்பா இறங்கிப் பின்பலகையைத் தாழ்த்தினார். எனக்குத் தலையசைத்தார். மிதுனா பாடசாலைச் சீருடையில் கொட்டகையிலிருந்து வந்தாள், கன்றோடு. நான் கையை நீட்டினேன்.

"குடு, அப்பா ஏத்துறேன்."

"வேணாம்பா. நீங்க பின்னாடி தள்ளுவீங்க."

தினமும் அப்படித்தான் செய்கிறேன். ஒதுங்கி நின்றேன்.

அவள் கன்றின் இடது தோளோடு தோளாக நின்றாள். கயிறு தொய்ந்து இருந்தது. ஓர் அடி வைத்தாள், நின்றாள். அவன் ஓர் அடி வைத்தான். பலகையின் சத்தம் குளம்புக்குப் புதிது. நின்று மோந்து பார்த்தான். அவளும் நின்றாள். லாரிக்காரர் நேரமாகிறது என்று சொல்லவில்லை. வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மேலே ஏறினார்கள். உள்ளே இருட்டில் அவள் கழுத்து வாரைக் கழற்றும் சத்தம் கேட்டது. வெறும் கயிற்றோடு தனியாக இறங்கி வந்தாள்.

வசந்தி வெளியே வரவில்லை. சமையலறைச் சன்னலின் திரை மூடியிருந்தது. நாங்கள் உள்ளே போனபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். எல்லாத் துண்டுக்கும் பூசி முடித்திருந்தும் பூசிக்கொண்டிருந்தாள்.

"கத்துச்சா?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"இல்லம்மா." மிதுனா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நான் இழுக்கல. அவனே நடந்தான்."

வசந்தி கத்தியைக் கீழே வைத்தாள். மிதுனா ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். இன்னொன்றை எடுத்து என் பக்கம் நீட்டினாள். எனக்குப் பசி இல்லை. வாங்கித் தின்றேன்.